குடத்துத் தண்ணீரும் அக்கம்பக்கத்துக் காதும்

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை நான் முதலில் படித்தது இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில். ஹாஸ்டல் மெஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன, அட்டை கிழிந்த ஒரு சிறுகதைத் தொகுப்பு. படித்து முடித்துவிட்டு அந்த அம்மாவை நினைத்து ரொம்ப நேரம் தூக்கம் வராமல் கிடந்தேன். “அம்மான்னா இப்படித்தாண்டா இருக்கணும்” என்று ரூம்மேட்டிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. மறுநாள் தெர்மோடைனமிக்ஸ் பரீட்சை. அவன் தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது காலேஜ் போகிற என் மகளிடம் அதே கதையைக் கொடுத்தேன். தமிழ்க் கதை படிக்க வைப்பதற்கு நான் எடுக்கும் முயற்சிகளில் இதுவும் ஒன்று, பெரும்பாலும் தோற்கும். இந்தத் தடவை ஒரே மூச்சில் படித்துவிட்டு வந்து நின்றாள். அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது: “அப்பா, அவன் என்ன ஆனான்?”

யார் என்று ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. கார்க்காரன்! இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றாத கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் சிறுகதை, அதிலிருந்து கிளைத்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல், அதற்குப் பின் வந்த ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று ஒரு சுற்று வந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

கதை தெரியாதவர்களுக்கு: 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழை கொட்டும் மாலை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஏழைக் கல்லூரி மாணவி. பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது, வீட்டில் விடுவதாகச் சொல்கிறான் ஒருவன். பயமும் மயக்கமுமாக ஏறுகிறாள். காருக்குள் அது நடக்கிறது. தெருமுனையில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அம்மா முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு மகளைக் குளியலறைக்கு இழுத்துப்போய் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, உன் மனசில் களங்கம் இல்லை, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். நடந்து வரும்போது காலில் அசிங்கம் பட்டால் காலையா வெட்டிப் போடுகிறோம், கழுவிக்கொண்டுதானே வருகிறோம் என்பது அவளுடைய வாதம். அகலிகையையும் துணைக்கு அழைக்கிறாள்.

கதை வந்ததும் தமிழ்நாடு இரண்டாகப் பிரிந்து நின்றது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. முடிவை மாற்றித் தாங்களே எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. அந்தக் காலத்தில், அத்தனை லட்சம் குடும்பங்களின் கூடத்தில் கிடக்கும் ஒரு பத்திரிகையில், ‘கெட்டுப்போன’ பெண் கெடவில்லை என்று எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். நான் கீழே என்ன குறை சொன்னாலும் இதை மறந்துவிட்டுச் சொல்லவில்லை. ‘கற்பு போனால் கிணறு’ என்பதுதான் கதைகளிலும் சினிமாவிலும் வழக்கமான தீர்வு. ஜெயகாந்தன் கிணற்றை மூடிவிட்டு அதே தண்ணீரைக் குடத்தில் எடுத்தார்.

ஆனால் இந்தத் தடவை படிக்கும்போது எனக்குத் தட்டுப்பட்ட இடம் தண்ணீர் ஊற்றும் இடம் அல்ல, அதற்குக் கொஞ்சம் முன்னால். அம்மா அலறும் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். அந்தக் கணத்தில் அவள் சட்டென்று சுதாரித்துக்கொண்டு, பெண் இப்படி மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு வந்திருக்கிறாளே, அதற்காகத்தான் சத்தம் போட்டேன் என்கிற மாதிரி ஒரு பொய் சொல்லி அனுப்பிவிடுகிறாள். அதற்கப்புறம்தான் குடம்.

ஹாஸ்டலில் படித்தபோது இதை நான் கவனிக்கவே இல்லை. இப்போது தோன்றுகிறது, கதையின் அச்சாணியே இந்தப் பொய்தான். தண்ணீர் வேலை செய்கிறது, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

இதை என் ஊகம் என்று நீங்கள் தள்ளிவிட முடியாது. ஜெயகாந்தனே நிரூபித்துக் காட்டினார். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்று தொடராக வந்து, புத்தகமாகும்போது ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ ஆன நாவல் அந்த நிரூபணம். அதே மழை, அதே கார், அதே பெண், அழுதுகொண்டு அம்மாவிடம் வரும் அதே இரவு. மாறுவது ஒன்றே ஒன்று. அம்மாவின் அலறல் அடங்கவில்லை, ஊருக்குக் கேட்டுவிட்டது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். எங்கள் தொழிலில் சொல்வதானால், ஒரே ப்ரோக்ராமில் ஒரு கண்டிஷனை மட்டும் புரட்டிப் போட்டு மறுபடி ஓடவிட்ட மாதிரி. அவுட்புட் தலைகீழ். சிறுகதையின் பெண் சுத்தமாகிறாள். நாவலின் கங்கா காலம் முழுக்கக் ‘கெட்டுப்போனவள்’. இரண்டு பேருக்கும் காருக்குள் நடந்தது ஒன்றுதான். அப்படியென்றால் அந்தக் களங்கம் எங்கே இருந்தது? உடம்பில் இல்லை, மனசிலும் இல்லை. பக்கத்து வீட்டுக் காதில் இருந்தது.

எனக்குத் தெரிந்து கற்பு என்ற கருத்தை இவ்வளவு துல்லியமாக அறுத்துக் காட்டிய சோதனை தமிழில் வேறு இல்லை. ஆனால் சோதனை செய்தவரே அந்த முடிவை முழுசாக எடுத்துக்கொண்டாரா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஏன் என்று சொல்கிறேன். சிறுகதையில் அம்மாவின் மன்னிப்புக்குச் சில நிபந்தனைகள் உண்டு, எழுதப்படாத நிபந்தனைகள். பெண் ஒன்றும் அறியாதவளாக இருக்க வேண்டும். குழந்தை மாதிரி இருக்க வேண்டும். அந்த உறவில் அவளுக்குத் துளியும் சம்மதம் இருந்திருக்கக் கூடாது, அல்லது இருந்தது என்று யாரும் நினைக்கக் கூடாது. ஜெயகாந்தன் நல்ல கலைஞர் என்பதால் காருக்குள் அவளுக்கு ஒரு சின்ன மயக்கத்தையும் கொடுத்துவிடுகிறார். அந்த மெத்தென்ற சீட்டை, அந்த வெளிச்சத்தை அவள் ரசிக்கிறாள். அவன் கொடுத்த சூயிங்கத்தை வாயில் போட்டுக்கொள்கிறாள். குளித்து முடித்த பிறகும் அதை மென்றுகொண்டிருக்கிறாள்! அதைப் பார்த்துவிட்டு அம்மா துப்பச் சொல்லி, வாய் கொப்புளித்துவிட்டு வரச் சொல்கிறாள். எனக்கு இப்போது கதையின் மிக உண்மையான பொருள் அந்தச் சூயிங்கம்தான். அத்தனை குடம் தண்ணீருக்கும் கரையாமல் வாய்க்குள்ளே ஒளிந்திருந்த ஒரு துளி ருசி. அது என்ன என்று பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. துப்பு என்றுதான் சொன்னார்கள்.

அடிக்கோடிட்டுக்கொண்டே அந்தப் பக்கங்களை மறுபடி வாசித்தேன். அம்மா பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். அற்புதமான பேச்சு. பெண்ணுக்குக் கிடைப்பது அழுகையும் ஓரிரு சொற்களும். நடந்தது அவளுக்கு, அது என்ன என்று தீர்ப்பு சொல்வது இன்னொருவர். தீர்ப்பு தாயினுடையது, கருணையானது, சரிதான். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதானே? ஒரு முப்பது வயதுப் பெண், தெரிந்தே காரில் ஏறினவள், பிறகு வேண்டாம் என்று சொல்லியும் அது நடந்திருந்தால்? அந்த அம்மா குடத்தைத் தூக்கியிருப்பாளா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அகலிகை என்றதும் புதுமைப்பித்தன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1943-இல் கலைமகளில் வந்த ‘சாப விமோசனம்’. ராமனின் கால் தூசு பட்டு உயிர்த்தெழுந்த அகலிகை, அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். தனக்குக் கிடைத்த விமோசனம் இன்னொருத்திக்கு இல்லை என்றால் அந்த விமோசனமே வேண்டாம் என்கிறாள். 23 வருஷம் கழித்து வந்த ஜெயகாந்தன் தன் கதைக்கு அந்தச் சீதையின் சோதனையையே பெயராக வைத்து, உள்ளே தீக்குப் பதில் தண்ணீரை வைத்தார். அழகான திருப்பம். ஆனால் சோதனை நடத்தும் உரிமை யாருக்கு என்ற கேள்வியைப் புதுமைப்பித்தன் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

சரி, மகளின் கேள்விக்கு வருவோம். அவன் என்ன ஆனான்?

நாவலில் வருகிறான். பிரபாகர், பிரபு. பணக்காரன், கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கிறவன், குடிப்பவன், வீட்டில் மதிப்பில்லாதவன். படித்து நல்ல உத்தியோகத்தில் இருக்கும் கங்கா பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவனைத் தேடிப் பிடிக்கிறாள். தேட வைத்தது வெங்கு மாமாவின் ஒரு குத்தல். சாமர்த்தியம் இருந்தால் அவனைக் கண்டுபிடிக்கட்டும் என்கிற ரீதியில் அவர் பேசியது அவள் காதில் விழுகிறது. ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியிருக்கிறார், கங்கா அதைப் பத்திரிகையில் படிக்கிறாள் என்று ஜெயகாந்தன் செய்யும் விளையாட்டும் இருக்கிறது. இதெல்லாம் பிரமாதம்.

பிரச்சினை, பிரபு நமக்குப் பிடித்துப்போய்விடுகிறான் என்பது. வெகுளி, வெளிப்படையானவன், தன்னைத் தானே கேவலமாகப் பேசிக்கொள்கிறவன். பக்கம் புரளப் புரள அவன்மேல் பரிதாபம் வருகிறது. மனிதர்களை ஒற்றை நிறத்தில் பார்க்காதே என்பது ஜெயகாந்தனின் கொள்கை, நாவலின் தலைப்பே அதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: அந்த ஒரு மாலைக்கு கங்கா தன் வாழ்க்கை முழுவதையும் விலையாகக் கொடுத்திருக்கிறாள், அவன் கொடுத்தது கொஞ்சம் வெட்கம். மகளிடம் இதைச் சொன்னேன். “ஓ, அவனுக்கு கேரக்டர் டெவலப்மென்ட் கிடைச்சுதா?” என்றாள். விமர்சகர்கள் பல பக்கம் எழுதியதை அவள் நாலு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

என்னைப் பொறுத்தவரை நாவலின் உண்மையான கண்டுபிடிப்பு பிரபு இல்லை, வெங்கு மாமா. அண்ணன் துரத்திய பெண்ணை அழைத்துப்போய், சோறு போட்டு, காலேஜ் படிக்க வைத்து ஆளாக்கியவர். வக்கீல். தர்ம சாஸ்திரமும் சட்டமும் விரல் நுனியில். பாசம் என்ற பெயரில் கை நீளும். கங்காவுக்கு அது தெரியும். அவர் தயவில்தான் இந்தப் படிப்பும் வேலையும் என்பதும் தெரியும். அண்ணனை வெறுப்பது சுலபம், அவன் கத்துகிறவன். காப்பாற்றியவனை என்ன செய்வது? கங்கா தன் குரலில், அந்தக் கசப்பான நக்கலோடு, மாமாவைப் பற்றியும் பஸ்ஸில் உரசும் ஆண்களைப் பற்றியும் சொல்லும் பக்கங்கள் இன்றைக்கும் புதுசாக இருக்கின்றன. சாகித்ய அகாதெமி 1972-இல் இதற்குப் பரிசு கொடுத்தது சும்மா இல்லை. பீம்சிங் எடுத்த படத்தில் லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்ததற்கும் அந்தக் குரல்தான் பாதிக் காரணம் என்பேன்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டை விட்டு ஒரு சின்ன சுற்று. முடிவை மாற்றி எழுதும் வேலை நம் வாசகர்களோடு தொடங்கியதல்ல. இப்சனின் ‘ஒரு பொம்மை வீடு’ 1879-இல் வந்தது. கணவனையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு நோரா கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறாள். ஜெர்மனியில் நோராவாக நடிக்க இருந்த ஹெட்விக் நீமன்-ராபே என்ற நடிகை, நான் என் குழந்தைகளை விட்டுப் போகவே மாட்டேன், அப்படி நடிக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். வேறு யாராவது கை வைத்துக் குதறுவதற்குப் பதில் நானே செய்துவிடுகிறேன் என்று இப்சனே ஒரு மாற்று முடிவு எழுதிக் கொடுத்தார். கணவன் அவளைக் குழந்தைகள் தூங்கும் அறை வாசலுக்கு இழுத்துப் போகிறான், அவள் அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிடுகிறாள், திரை விழுகிறது. நாடகத்துக்குச் செய்த காட்டுமிராண்டித்தனம் என்று அதை எழுதியவரே பிறகு திட்டினார்.

1923-இல் பெய்ஜிங்கில் பெண்கள் கல்லூரி ஒன்றில் லூ சுன் இதை வைத்து ஓர் உரை நிகழ்த்தினார். நோரா வெளியே போனாள் சரி, அப்புறம்? கையில் காசில்லாதவள் ஒன்று சீரழிய வேண்டும், இல்லை திரும்பி வர வேண்டும் என்றார். லட்சியம் பேசுவதைவிடப் பணப்பை முக்கியம் என்று அந்த மாணவிகளிடம் நேராகவே சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த உரை. ஆனால் கங்கா அதற்கும் ஒரு சிக்கலைக் காட்டுகிறாள். அவளிடம் சம்பளம் இருக்கிறது, பதவி இருக்கிறது. திரும்பிப் போகவும் இல்லை. ஆனாலும் மாமாவின் கையைத் தடுக்க, அந்தப் பிரபுவையே வேலியாக நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொடாமலே அவனுடைய ‘ஆசை நாயகி’ என்று ஊரை நம்ப வைத்தால்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. மானத்தைப் பறித்தவனின் பெயர்தான் அவளுக்குக் கவசம்!

இதுவரைக்கும் ஜெயகாந்தன் சபாஷ். இதற்கப்புறம் அவருக்கு கங்காவை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவள் நல்லதுக்கென்று பிரபு விலகிப் போகிறான். அவள் உடைகிறாள். அடுத்த நாவலில் காசிக்குப் போய் கங்கை நதியிலேயே முடிகிறாள். முதல் கதையில் குடத்துத் தண்ணீர், கடைசிக் கதையில் ஆற்றுத் தண்ணீர். பெயர்ப் பொருத்தம் மனதைத் தொடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்குக் கோபம்தான் வந்தது. கிணற்றை மூடினவரே அவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவானேன்? இத்தனை படித்தவளுக்கு, இத்தனை கூர்மையான நாக்கு உள்ளவளுக்கு, ரிட்டையர் ஆகி, பென்ஷன் வாங்கி, மாடிப் போர்ஷனில் பத்திரிகை படித்துக்கொண்டு சாதாரணமாக வயசாகும் உரிமையை ஏன் கொடுக்கவில்லை? எழுத்தாளருக்கு அது சுவாரசியமில்லாத முடிவாக இருந்திருக்கலாம். கங்காவுக்கு அப்படி இருந்திருக்காது.

இந்தக் கோபத்தோடு அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை எடுத்தேன். அம்பை, சி.எஸ்.லக்ஷ்மி என்ற பெயரில் தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றி ஒரு முழு ஆய்வு நூலே எழுதியவர். இந்தக் கதையில் மழை இல்லை, கார் இல்லை, ஒரு ‘சம்பவம்’கூட இல்லை. அஜ்மீரில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். வீட்டை விஸ்தாரமாகக் கட்டியவர்கள் சமையலறையை மூலையில் ஒட்டவைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி, அதைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று மாமனாரிடம் சொல்கிறாள். ஒரு சண்டை இல்லை, ஒரு அதட்டல் இல்லை. கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் துணி உலர்த்தும் கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாக ஏறிவிடுகின்றன. வெளியே தெரிந்த பச்சையும் போச்சு. அவ்வளவுதான் பதில்.

மாமியார் ஜீஜிக்கு அந்த மூலைதான் ராஜ்ஜியம். சமையலறையைக் கைவிடாதே, அழகுபடுத்திக்கொள்வதைக் கைவிடாதே, இவைதான் உன் பலம் என்று அவளுக்கு அவளுடைய மாமியார் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இரும்புக் கம்பியே கையில் வளையல் மாதிரி. கதையின் கடைசியில் நோயில் கிடக்கும் ஜீஜியிடம் இருட்டில் மீனாட்சி பேசுகிறாள். மன்னிக்கவில்லை, கழுவிவிடவில்லை, காப்பாற்றவும் இல்லை. இத்தனை வருஷம் உன் தலைக்குள் என்ன நிறைந்திருந்தது, அது இல்லாவிட்டால் அங்கே வேறு என்ன இருந்திருக்கும் என்று பேசுகிறாள்.

ஜெயகாந்தனுக்கு அடக்குமுறை ஒரு மாலைப்பொழுதில் நடப்பது, அதனால்தான் ஒரு குடத்தில் கழுவ முடிகிறது. அம்பைக்கு அது தினம் மூன்று வேளை நடப்பது. எத்தனை குடம் ஊற்றுவீர்கள்? கதையைப் படித்தபின் எங்கள் ஃப்ளாட்டின் ப்ளானை எடுத்துப் பார்த்தேன். பில்டர் அச்சடித்துக் கொடுத்தது, அளவுகளோடு. என் வொர்க் ஃப்ரம் ஹோம் மேஜை இருக்கும் அறைக்கு இரண்டு ஜன்னல். சமையலறைக்கு ஒன்று, அதுவும் துணி காயப்போடும் பால்கனியைப் பார்த்து. புத்தகம் வாங்கும் வீட்டில்தான் இது. மனைவியிடம் காட்டினேன். “இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு அம்பை வேண்டியிருந்ததா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் சங்கடமானது. இந்தக் கதைகளைப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில் ஒருநாள் மாலை ஏழு மணிக்கு நல்ல மழை. மகளின் போனில் லொகேஷன் காட்டும் ஏற்பாட்டை நான்தான் செய்து வைத்திருந்தேன். பாதுகாப்புக்காக. காலேஜில் சேர்ந்த அன்றே. அந்தப் புள்ளி அன்று ஒரே இடத்தில் நின்றுவிட்டது, பிறகு மறைந்துவிட்டது. பதினோரு தடவை போன் செய்தேன். ஒன்பது மணிக்கு வந்தாள். பேட்டரி தீர்ந்துபோய், தோழி வீட்டில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறாள். கதவைத் திறந்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை “எங்க போயிருந்த?” என்பது. கத்தியிருக்கிறேன். எதிர் ஃப்ளாட் கதவு லேசாகத் திறந்து மூடியது. துண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் அம்மாதான் கொண்டுவந்தாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே மகள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. எதையோ சரிபார்த்துக்கொள்வது மாதிரி ஒரு பார்வை. வெங்கு மாமா நீளும் கையால் மட்டும் ஆனவரில்லை. ஃபீஸ் கட்டியவர், அந்தக் கணக்கை மறக்காதவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல எண்ணத்தோடு, சொந்தக் காசில், கண்காணிக்கிறவர்களின் வரிசை ஒன்று இருக்கிறது. அதில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் அந்த ஏற்பாட்டை எடுத்துவிடலாம் என்றேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள் அவள். ஆனால் என் போனை வாங்கி, என்னுடைய லொகேஷனும் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தாள். போன வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு நண்பர்களோடு ஒரு இடத்துக்குப் போயிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. மணி ஒன்பதைத் தாண்டியதும் போன் அடித்தது.